பரங்கிக் கொடியின் பகைகளும் பரிகாரங்களும்

நெய்வேலி வட்டாரக் குடியானவர்களின் கவனத்திற்கு

முன்னாளில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1993 முதல் கடலூர் மாவட்டத்தில் அடங்கியிருக்கும் நெய்வேலியைச் சூழ்ந்த கிராமங்களில் பெரும்பாலும் செம்மண்ணும் செம்புறை மண்ணுமே காணப்படுகின்றன. முந்திரி, பலா, கரும்பு, மணிலாக்கொட்டை ஆகியவை இவ்வட்டாரத்தின் பேர்பெற்ற பயிர்கள். 1935 ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலச்சுவான்தாரின் நிலத்தில் கிணறு தோண்டுகையில் பழுப்பு நிறமான பொருளொன்று வெளிப்பட்டது. அதன் பயனாக 1956 இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது, 1957 இல் சுரங்க வேலை தொடங்கிற்று, நகரியமும் எழுந்தது. நாள்தோறும் காய்கறி வாங்கும் பல்லாயிரம் குடும்பங்கள் இதனால் கிராமங்களுக்கு அருகிலேயே வந்து சேர்ந்தன. சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரி முதலிய நீர்நிலைகளை அடைந்து பாசனத்திற்கும் உதவி வருகின்றது.

சுரங்கத்தின் பொருட்டு நிலத்தைக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய சிறு நிலத்தைக் கொண்டு ஜீவிக்கும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல உள. அன்னவர்க்குச் சில மாதங்களில் பணம் தரக்கூடிய கொடிக்காய்ப் பயிர் பேருதவியாகும். எனினும் பரங்கி, சாம்பற் பூசணி, சுரை, புடல், பீர்க்கு, பாகல், வெள்ளரி ஆகிய இவ்வினக் கொடிகள் அனைத்தும் உஷ்ணப் பிரதேசத்தில் பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் எளிதில் இரையாகின்றன. எந்தப் பகை எந்தப் பருவத்தில் வரும் என்பதை அறியாதவர், வந்த பின்னர்க் கடைக்கு ஓடிக் கிடைத்த மருந்தை வாங்கித் தெளிக்கின்றனர். அதனால் பணம் போவதோடு, காய் பிடிப்பதற்கு இன்றியமையாத தேனீக்களும் மடிகின்றன. ஆதலின் பரங்கியை முதன்மையாகக் கொண்டு, அதன் பகைகளும் அவற்றைத் தடுக்கும் உபாயங்களும் இங்கே முறையாகக் கூறப்படுகின்றன.

வந்தேறிய பயிரும் உள்நாட்டுப் பகையும்

பரங்கி இந்நாட்டிற்கு உரிய செடியன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக இங்கு வந்தமையால் ‘பரங்கி’ என்ற பெயரைப் பெற்றது. அதன் தாய்நாட்டில் கொடியின் தண்டைக் குடைந்து அழிக்கும் புழு ஒன்றும், சாற்றை உறிஞ்சி இலைகளைக் கருக்கும் நாவாய்ப்பூச்சி ஒன்றும் பெரும் பகைகளாக இருக்கின்றன. அமெரிக்க நூல்கள் பரங்கியைப் பற்றி எழுதுமிடத்து இவ்விரண்டையே முதலிற் சொல்லும். தண்டைக் கீறிப் புழுவை எடுக்கும் முறையையும் விளக்கும். அப்புழுவோ நாவாய்ப்பூச்சியோ இந்நாட்டுப் பரங்கிக்கு உபத்திரவம் செய்வதில்லை. அப்புழுவின் இனத்தைச் சேர்ந்த வேறொன்று இங்கே புடலங்கொடியின் தண்டிற் புகுந்து வீக்கம் உண்டாக்குவது மட்டும் உண்டு. பிறநாட்டு நூல்களைப் படித்துப் பயிர் செய்ய விரும்புவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

இங்கே பரங்கியைப் பற்றிக்கொண்ட பூச்சிகள் முன்பே சுரையிலும் பாகலிலும் புடலிலும் வாழ்ந்து பழகியவை. அவற்றுள் தலைமையானவை சிவப்புப் பூசணி வண்டும் பழ ஈயும் ஆகும். நோய்களுள் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், தேமல் நோய் என்னும் மூன்றும் முக்கியமானவை.

இரண்டு பட்டங்களும் இருவகை அபாயங்களும்

இம்மாநிலத்தில் பரங்கி விதைப்பதற்கு ஆனி, ஆடியும் மார்கழி, தையும் ஆகிய இரண்டு பட்டங்கள் உகந்தவை. இவ்விரண்டிலும் நேரும் அபாயங்கள் ஒரே தன்மையன அல்ல.

ஆடிப் பட்டத்துக் கொடி ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மாதங்களிற் காய்க்கின்றது. அப்போது மழையும் ஈரமும் மிகுதி. பழ ஈ மழைக்காலத்திலேதான் பெருகும். இலைகள் நெடுநேரம் நனைந்திருப்பதால் அடிச்சாம்பல் நோயும் பரவும். தைப் பட்டத்துக் கொடியோ மாசி, பங்குனி, சித்திரையில் வளர்ந்து காய்ப்பது. கடும் வெய்யிலில் பழ ஈயின் தொகை குறைகின்றது. ஆனால் வறண்ட காற்றில் வெள்ளை ஈயும் சிவப்புச் சிலந்தியும் சாம்பல் நோயும் தலையெடுக்கின்றன. வெள்ளை ஈயின் மூலம் தேமல் நோயும் வருகின்றது.

ஆகவே சென்ற வருஷத்தில் பழ ஈயினால் மிகுந்த நஷ்டம் அடைந்த குடியானவர், தண்ணீர் வசதி இருக்குமாயின் தைப் பட்டத்தைத் தெரிந்துகொள்வது நலம். தேமலால் நஷ்டமடைந்தவர் ஆடிப் பட்டத்தை மேற்கொள்ளலாம். பட்டத்தை மாற்றுவதற்குக் காசு செலவில்லை. அதனினும் மலிவான பரிகாரம் வேறில்லை.

நிலத்தைத் தயார் செய்தல்

கோடையில் நிலத்தை நன்றாக உழுது காயவிடுதல் முதற் காரியம். பழ ஈயின் கூட்டுப்புழுக்களும் சிவப்பு வண்டின் புழுக்களும் மண்ணுக்குள் மேலாகவே கிடப்பவை. உழவினால் அவை வெளிவந்து வெய்யிலிற் காய்ந்தும், காக்கை, மைனா, நாரை முதலிய பறவைகளுக்கு இரையாகியும் அழியும்.

2 மீட்டர் இடைவெளியில் நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் இருக்குமாறு குழிகள் எடுத்து, குழி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இடல் வேண்டும். ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 குழிகள் அமையும். குழிக்கு 5 விதை ஊன்றி, முளைத்த பின்னர்த் திடமான 2 கன்றுகளை மட்டும் விட்டு ஏனையவற்றை நீக்குதல் முறை. கடைசி உழவுக்கு முன் ஹெக்டேருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கும், 50 கிலோ தொழு உரத்திற் கலந்த 2.5 கிலோ சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரும் இடும்படி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்கின்றது. இவை வேர் அழுகல், வாடல், நூற்புழு ஆகியவற்றைக் குறைக்கும். மக்காத சாணத்தை இடலாகாது. அது செல்லையும் வேர்ப்புழுவையும் அழைக்கும்.

ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் இவ்வினக் கொடிகளையே பயிரிடுவது பெரும் பிழை. மணிலாக்கொட்டை, எள், கம்பு, மக்காச்சோளம் இவற்றுள் ஒன்றை மாற்றிப் பயிரிட்டால் மண்ணிற் குடியிருக்கும் பகைகள் உணவின்றிக் குறையும்.

முளைப் பருவம்: சிவப்பு வண்டு

விதை முளைத்து இரண்டு பருப்பிலைகள் விரிந்தவுடன் வந்து சேர்வது சிவப்புப் பூசணி வண்டு. 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளமும், பளபளப்பான செம்மஞ்சள் நிறமும் உடையது. இலையில் வட்ட வட்டமாகத் துளையிட்டுத் தின்னும். வளர்ந்த கொடியில் பத்து வண்டுகள் இருந்தாலும் பெருந்தீங்கு இல்லை. இரண்டிலைக் கன்றில் இரண்டு வண்டுகள் இருந்தால் கன்றே போய்விடும். ஆதலின் முளைத்த நாள் தொடங்கி மூன்று வாரம் வரையில் நாள்தோறும் காலையில் வயலைச் சுற்றிப் பார்த்தல் அவசியம்.

இவ்வண்டு வெய்யில் ஏறியபின் தொட்டவுடன் பறந்துவிடும். விடியற்காலையில் பனியில் நனைந்து சோம்பியிருக்கும். அந்நேரத்தில் சோப்பு கரைத்த தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே பிடித்து இலையைத் தட்டினால் வண்டுகள் அதில் விழுந்து மடியும். பெண் வண்டு தண்டின் அடியில் ஈரமண்ணில் முட்டையிடுவதால், அதன் புழுக்கள் வேரையும், தரையைத் தொட்டிருக்கும் காயின் அடிப்புறத்தையும் குடைகின்றன. காய்களின்கீழ் வைக்கோலோ காய்ந்த கரும்புத் தோகையோ பரப்புவது இதற்காகவும் பயன்படும்.

சாம்பல் தூவும் வழக்கம்

பரங்கிக் கன்றின்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவுதல் இந்நாட்டுப் பெண்மக்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் முறை. இது மூடவழக்கம் அன்று. இலையின்மேல் மெல்லிய தூள் படிந்திருந்தால் கடித்துத் தின்னும் பூச்சிகளுக்கு அவ்விலை ஏற்பதில்லை. தூளிலுள்ள மணற்சத்து அவற்றின் தாடைகளைத் தேய்க்கின்றது. உடலின்மேல் உள்ள மெழுகுப் பூச்சும் உராய்ந்து பூச்சி உலர்கின்றது.

நெய்வேலி அனல்மின் நிலையங்களிற் பழுப்பு நிலக்கரி எரிந்தபின் கிடைக்கும் பறக்கும் சாம்பலும் இதே தன்மையுடையதா என்று சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் அறிஞர் பி. நாராயணசாமியும் அவரைச் சார்ந்தோரும் சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆராய்ந்தனர். நெல்லிலும் காய்கறிகளிலும் தூவிப் பார்த்ததில், இலையைக் கடிக்கும் பூச்சிகள் பலவற்றை அச்சாம்பல் அடக்குவதாகக் கண்டனர். தம் ஊருக்கு அருகே மலைபோற் குவியும் பொருளொன்றுக்கு இத்தகைய பயன் உண்டென்பது இவ்வட்டாரத்தாருக்கு மகிழ்ச்சி தரத்தக்கதே.

எனினும் ஜாக்கிரதை வேண்டும். இச்சாம்பல் மிக மெல்லியது. மூச்சில் ஏறினால் நுரையீரலுக்குக் கெடுதி. காரத்தன்மையும் உடையது. கன உலோகங்களும் சிறிதளவு கலந்திருக்கக்கூடும். ஆகையால் காய்த்த கொடியில் மேன்மேலும் கொட்டுவதும், பார வண்டிகளிற் கொணர்ந்து வயலிற் பரப்புவதும் மண் பரிசோதனையும் அதிகாரிகளின் யோசனையும் இன்றிச் செய்யத்தக்கவையல்ல. வீட்டில் எரித்த விறகின் சாம்பலைச் சலித்து, மெல்லிய துணியில் முடிந்து, காலைப் பனியில் கன்றின்மேல் இலேசாகத் தட்டுவதே ஒரு குடும்பத்தின் தோட்டத்திற்குப் போதுமானது. மழை பெய்தால் மறுபடி தூவுதல் வேண்டும். இலை முழுதும் வெள்ளையாகும்படி அப்பினால் வெளிச்சம் தடைப்பட்டுக் கன்று மெலியும்.

புள்ளி வண்டும் பொறிவண்டும்

இலையின் பச்சையத்தைச் சுரண்டி நரம்புகளை மட்டும் சல்லடை போல் விட்டுவைப்பது எபிலாக்னா என்னும் புள்ளி வண்டு. இதன் புழு மஞ்சள் நிறமாய், உடல் முழுதும் முட்கள் கொண்டிருக்கும். இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள் கும்பலாகக் காணப்படும். முட்டையும் புழுவும் உள்ள இலைகளைக் கிள்ளி அழித்தால் போதும்.

இங்கே குடியானவர் பலர் பெருந்தவறு செய்கின்றனர். இவ்வண்டைப் போன்றே உருண்டையாய்ப் புள்ளிகள் உடைய பொறிவண்டு வேறொன்று உண்டு. அது பயிரைத் தின்பதில்லை. அசுவினிகளைத் தின்று பயிரைக் காப்பது. புள்ளி வண்டின் முதுகு மங்கலாய் மெல்லிய மயிர் அடர்ந்திருக்கும். பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். இவ்வேற்றுமையை அறிந்து, பொறிவண்டைக் கொல்லாது விடுதல் வேண்டும்.

இலைக்குள் பாம்பு நெளிந்ததுபோன்ற வெண்மையான கோடுகளைக் கண்டு அஞ்சுவோர் உளர். 1990 ஆம் ஆண்டையொட்டி இந்நாட்டிற் புகுந்த இலை துளைக்கும் ஈயின் வேலை அது. கீழிலைகள் சிலவற்றில் மட்டும் இருந்தால் அவற்றைக் கிள்ளி எரித்துவிடலாம். அதற்கென மருந்து தெளிக்க வேண்டுவதில்லை.

வேப்பங்கொட்டைக் கரைசல்

மேற்கூறிய பூச்சிகள் பலவற்றிற்கும் பொதுவான மருந்து வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசலாகும். 100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ பருப்பை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் இரட்டைத் துணியில் வடிகட்டல் வேண்டும். அதனோடு தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, அன்றைக்கே மாலையில் தெளித்தல் வேண்டும். வெய்யிலில் வேம்பின் சத்து விரைவிற் குன்றுவதால் காலையில் தெளிப்பது வீண். இலையின் அடிப்புறம் நனையாத தெளிப்பும் வீணே. ஆனி, ஆடியில் மரத்தடியில் உதிரும் வேப்பம் பழங்களைச் சேகரித்து நிழலில் உலர்த்தி வைப்பவருக்கு இது செலவில்லாத மருந்து.

வெள்ளை ஈயும் தேமல் நோயும்

இலை நரம்புகள் மஞ்சளாகி, இலை சுருங்கி, கொடி குறுகிக் காய் உருக்குலைந்தால் அது தேமல் நோய். இது நுண்ணிய வைரஸினால் உண்டாவது. மஞ்சள் நரம்புத் தேமலை வெள்ளை ஈயும், வேறு சில தேமல்களை அசுவினியும் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றன. வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் கிடையாது. உண்டென்று சொல்லி விற்பவரை நம்பிப் பணத்தை இழக்கலாகாது.

ஆகவே நோய் கண்ட செடியை, அது முதல் செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிப் புதைத்தல் வேண்டும். ஒரு செடியை இழக்க மனமில்லாதவர் பிற்பாடு ஓர் ஏக்கரை இழப்பர். வயலைச் சுற்றி விதைப்பதற்கு முன்பே மக்காச்சோளம் இரண்டு மூன்று வரிசை போட்டால் வெளியிலிருந்து வரும் பூச்சிகளுக்கு அது வேலியாகும். மஞ்சள் நிற அட்டைகளில் பசை தடவிக் கொடியின் உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் தொகை பெருகுவதையும் அதனால் அறியலாம். வரப்பிலுள்ள களைகள் இவ்வைரஸுக்குப் புகலிடமாதலால் அவற்றையும் நீக்குதல் வேண்டும்.

இலைகள் வெள்ளி பூசியதுபோல் மின்னினால் அது தேமல் அன்று. ஒருவகை வெள்ளை ஈயின் குஞ்சுகள் சாற்றை உறிஞ்சுவதால் நேருவது. அவ்வகை 1999 இல் கர்நாடகத்தைச் சேர்ந்த கோலாரில்தான் இந்நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டது. ஈ குறைந்தால் புதிய இலைகள் பச்சையாகவே வரும். அத்தகைய செடியைப் பிடுங்க வேண்டுவதில்லை.

பழ ஈ: பகைகளுட் பெரியது

பிஞ்சின்மேல் ஒரு துளி பிசின் கட்டியிருந்து, அவ்விடம் குழிந்து, சில நாளில் காய் அழுகி விழுமாயின் பழ ஈ முட்டையிட்டுவிட்டது என்று அறிக. காயை அறுத்தால் வெண்மையான புழுக்கள் நெளியும். அவை முதிர்ந்தபின் காயைவிட்டு வெளிவந்து, உடலை வளைத்துத் துள்ளி மண்ணிற் புகுந்து கூட்டுப்புழு ஆகும். வெப்ப நாட்டில் முட்டை முதல் ஈ வரை ஏறக்குறைய மூன்று வாரங்களே. ஆகவே ஒரு பருவத்தில் பல தலைமுறைகள் தோன்றுகின்றன. இதனால் 30 முதல் 100 சதவீதம் வரை மகசூல் நஷ்டமாவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஹெக்டேருக்கு 18 முதல் 20 டன் காய்க்கக்கூடிய பரங்கியில் காற்பங்கு போனாலும், ஏக்கருக்கு ஏறக்குறைய 2 டன் காய் குப்பைக்குப் போகும்.

முட்டையிட்ட பின்னர் மேலே எந்த மருந்து தெளித்தாலும் காய்க்குள் இருக்கும் புழுவை அது எட்டாது. ஆதலால் தடுப்பது ஒன்றே வழி.

முதலாவது, சொத்தைக் காய்களை இரண்டு நாளைக்கு ஒருமுறை பொறுக்கி, 2 அடி ஆழக் குழியிற் புதைத்து மண்ணை நன்றாக மிதித்துவிடல் வேண்டும். அல்லது பிளாஸ்டிக் பையிற் கட்டி வெய்யிலில் வைத்தல் வேண்டும். வரப்பில் எறிவதும் எருக்குழியிற் போடுவதும் ஈயை வளர்ப்பதே ஆகும்.

இரண்டாவது, கவர்ச்சிப் பொறி. பூ விடும் முன்பே ஏக்கருக்குப் பத்துப் பொறிகள் வைத்தல் வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மாம்பழத்தில் வரும் ஈ மெத்தில் யூஜினால் என்னும் வாசனைக்கு வரும். பரங்கியில் வரும் ஈயோ அதனைத் திரும்பியும் பாராது, கியூலூர் என்னும் வேறொரு வாசனைக்கே வரும். மாந்தோப்புப் பொறியைக் கொடித் தோட்டத்தில் வைத்துவிட்டு, ‘பொறியால் பயனில்லை’ என்று கூறுவோர் பலர். வாங்கும்போதே கொடிக்காய்க்கு உரியதெனக் கேட்டு வாங்குதல் அவசியம். இப்பொறி ஆண் ஈக்களையே இழுக்கும். நனைத்த கருவாட்டுத் தூளோ ஆண், பெண் இரண்டையும் இழுக்கும்.

மூன்றாவது, வீட்டுத் தோட்டத்தில் பிஞ்சு பிடித்தவுடன் காகிதப் பையாலோ மெல்லிய துணியாலோ மூடிவிடலாம். நகரியத்தின் குடியிருப்புகளிற் கொல்லைப்புறத்தில் இரண்டு மூன்று கொடி வளர்ப்பவருக்கு இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்க்கா சூர்யமுகி என்னும் சிறுகாய்ப் பரங்கி பழ ஈயைத் தாங்கவல்லது என்பதும் அறியத்தக்கது.

இருவகைச் சாம்பல் நோய்கள்

இலையின் மேற்புறத்தில் மாவு தூவியதுபோல் வெண்மை படர்வது சாம்பல் நோய். இதற்கு இலை நனைய வேண்டுவதில்லை. உலர்ந்த பகலும் பனியுள்ள இரவும் போதும். இலையின் மேற்புறத்தில் நரம்புகளுக்கு இடையே கோணலான மஞ்சள் புள்ளிகளும், அவற்றிற்கு நேர் கீழே சாம்பல் கலந்த ஊதா நிறப் பூஞ்சாணமும் தோன்றுவது அடிச்சாம்பல் நோய். இதற்கு இலையில் ஈரம் தங்குதல் அவசியம். ஒன்றிற்கு உரிய மருந்து மற்றொன்றிற்குப் பயன்படாது. ஆதலின் இலையைத் திருப்பிப் பார்த்த பின்னரே மருந்தைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

சாம்பல் நோய் என்றவுடன் கந்தகத் தூளைத் தேடுவது பழைய வழக்கம். திராட்சைக்கும் மிளகாய்க்கும் ஏற்ற அது இவ்வினக் கொடிகளின் இலைகளைக் கருக்கிவிடும். கோடை வெய்யிலில் கேடு இன்னும் கொடிது. தாமிரத் தூளும் அத்தகையதே. இவ்விரண்டையும் கொடிக்காய்களில் தூவலாகாது என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எச்சரிக்கை. சாம்பல் நோய்க்கு லிட்டருக்கு அரை கிராம் கார்பண்டசிமும், அடிச்சாம்பல் நோய்க்கு லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப்பும் சிபாரிசு செய்யப்பட்டு வந்திருக்கின்றன. முதிர்ந்த கீழிலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் உண்டாக்குவதும், மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாமல் வேருக்கு மட்டும் காலையிற் பாய்ச்சுவதும் மருந்துக்கு முந்திய சிகிச்சைகள்.

நோய் அல்லாதன

உச்சி வெய்யிலில் பரங்கி இலைகள் தொய்ந்து தொங்கும். மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது நோயன்று. உஷ்ணத்தைச் சமாளிக்கும் இயற்கையே. அதைக் கண்டு பகலில் தண்ணீர் கட்டி நிலத்தைச் சேறாக்குவது வேரழுகலுக்கு வழி. விடியற்காலையிலும் வாடியே இருக்குமாயின் வேரைத் தோண்டிப் பார்த்தல் வேண்டும். வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. தண்டைக் குறுக்கே அறுத்தபோது உட்புறம் பழுப்பாக இருந்தால் வாடல் நோய். வேர் கடிபட்டிருந்தால் வண்டின் புழு.

கோடையில் ஆண் பூக்களே மிகுந்து, பெண் பூக்கள் குறைந்து வருவதும் இயல்பு. நீண்ட பகலும் உஷ்ணமும் இதற்குக் காரணம். இரண்டிலைப் பருவம் முதல் எத்ரல் என்னும் வளர்ச்சி மருந்தை 10 லட்சத்தில் 250 பங்கு அளவில், வாரம் ஒருமுறையாக நான்கு முறை தெளிப்பது பெண் பூக்களைப் பெருக்கும். அளவு மிகுந்தால் கெடுதியாதலால் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுச் செய்வது நலம்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பரங்கிப் பூ விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே குவிந்துவிடும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். அந்நேரத்தில் விஷ மருந்து தெளிப்பவர் தம் காயைத் தாமே அழிப்பவராவர். எந்த மருந்தாயினும் பூக்கள் குவிந்தபின் மாலையிலேயே தெளித்தல் வேண்டும். சிறு தோட்டத்தில் ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் தாதைப் பெண் பூவின் நடுவில் தடவிக் கைம்மகரந்தம் செய்யலாம்.

பழைய குறிப்புகளைப் பற்றிய எச்சரிக்கை

பழைய பிரசுரங்களில் கருவாட்டுத் தூளோடு டைக்ளோர்வாஸ் சேர்த்துப் பொறி வைக்கும்படி எழுதப்பட்டிருக்கும். டைக்ளோர்வாஸ் 2020 டிசம்பர் முடிவிலிருந்து தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாகச் சோப்பு நீரில் ஈக்கள் விழுந்து மடியுமாறு பொறியை அமைத்துக்கொள்ளலாம். சிலந்திக்கும் சாம்பல் நோய்க்கும் எழுதப்பட்டிருந்த டைகோபாலும் டினோகேப்பும் 2023 இல் தடை செய்யப்பட்டன. மோனோகுரோட்டபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்துவது அதற்கு நெடுநாள் முன்பிருந்தே விலக்கப்பட்டது. வீட்டில் மீதியிருக்கும் பழைய புட்டிகளைப் பயன்படுத்தலாகாது. எந்த மருந்தையும் வாங்குமுன் நடப்பிலுள்ள சிபாரிசை அலுவலரிடம் கேட்டறிந்து, தெளித்தபின் குறித்த நாட்கள் கழிந்த பிறகே காய் பறித்தல் வேண்டும். அக்காயை உண்பவர் அயலார் மாத்திரம் அல்லர், விளைவிப்பவரின் குழந்தைகளுமே.

ஊரார் ஒன்றுகூடல்

பழ ஈக்கு வரப்பு ஒரு தடையன்று. ஒருவர் சொத்தைக் காய்களைப் புதைத்து, அடுத்தவர் வரப்பில் எறிந்தால் முதலாமவர் உழைப்பு வீணாகும். பயிர்களின் பூச்சி, நோய்களைத் தடுக்கும் பொருட்டுச் சென்னை ராஜதானியில் 1919 ஆம் ஆண்டிலேயே சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கம்போடியாப் பருத்தி மாறுகளைக் குறித்த காலத்திற்குள் யாவரும் பிடுங்க வேண்டுமென்று விதித்ததும் அதன்படியே. ஒருவர் அசட்டையால் பலர் கெடுவர் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர்.

கூட்டு முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஜப்பான் சான்று. ஒக்கினாவாத் தீவுகளிற் புகுந்த இதே பழ ஈயை, மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து விட்டு, 1993 இல் அந்நாட்டினர் அடியோடு ஒழித்தனர். ஹவாயித் தீவினரோ இவ்வீயை அழிக்கும் சிறு குளவி ஒன்றை 1916 இல் இந்தியாவிலிருந்தே கொண்டு சென்றனர். அக்குளவிக்கு இட்ட பெயர், 1914 இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிச் சென்னையில் நூல் வெளியிட்ட பிளெட்சர் துரையின் நினைவாக அமைந்தது. பிறநாட்டார் விலை கொடுத்துக் கொண்டுபோன அத்துணைவனை, கண்ட நேரமெல்லாம் விஷம் தெளித்து இங்குள்ளோர் அழிப்பது பரிதாபமன்றோ!

தீவில் ஒழித்ததுபோல் இப்பெருநிலப்பரப்பில் ஒழித்தல் இயலாதாயினும், ஒரு கிராமத்தளவில் அடக்குதல் இயலும். ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் பூக்கும் பருவத்திற்கு முன் கொடிப் பயிரிட்டோரை ஒருநாள் கூட்டி, சொத்தைக் காய்களுக்கெனப் பொதுக்குழிகள் தோண்டுவித்து, பொறிகளை ஒரே வாரத்தில் வைக்குமாறு செய்தால் அப்பருவத்திலேயே பலன் காணலாம். ஐயமுள்ளோர் நோய் கண்ட இலையையும் காயையும் எடுத்துக்கொண்டு, 1905 இல் ஏற்பட்டு இம்மாவட்டத்திலேயே நடைபெறும் பாலூர்க் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தையோ, விருத்தாசலத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகுவாராக.

விடியலில் வண்டைத் தேடலும், இலையைத் திருப்பிப் பார்த்தலும், சொத்தைக் காயைப் புதைத்தலும், மாலையில் மட்டும் மருந்து தெளித்தலும் ஆகிய இந்நான்கையும் தவறாது கைக்கொள்ளும் குடியானவரின் கொடி, கோடையாயினும் மழையாயினும் காய்க்கும்.